எத்தனை நாள் லீவு? வெளிநாட்டில் வாழ்கிறவர்களும் அன்றாட லஞ்சமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து வருவாய் அலுவலகம் ஒன்றின் வாசலில், வேப்பமர நிழலில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் மாந்தோப்பின் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அலுவலக ஊழியர் இல்லை. மனு எழுதிக் கொடுப்பவர்போலத் தெரிந்தார். ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று பரிவோடு விசாரித்தார். எங்கே வேலை என்று கேட்டார். ஆப்பிரிக்கா என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது.

“எத்தனை நாள் லீவு சார்?”

“21 நாள். அதில் 9 நாள் போய்விட்டது.”

தலையசைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்ன தொகை 15,000 ரூபாய். ஊரிலேயே இருக்கும் என் சித்தப்பா மகனிடம் முந்தைய ஆண்டு இதே சான்றிதழுக்குக் கேட்டது 3,000 ரூபாய். இ-சேவை மையத்தில் இதற்குக் கட்டணம் 60 ரூபாய்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுக நகரம் ஒன்றில் 11 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்தவன் நான். அங்கேயும் இதே கேள்வியை வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். “சரக்கு என்றைக்குக் கடைக்கு வர வேண்டும்?” என்பார்கள். “விசா எப்போது முடிகிறது?” என்பார்கள். எதிரில் நிற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்வதற்காகவே எல்லாம். தொகை அங்கிருந்துதான் பிறக்கிறது. ஓசூர், பர்கூர், பாலக்கோடு, அரூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று ஏஜெண்டு சொல்லித் தருகிறார். லஞ்சம் எப்படி இயங்குகிறது, அது அயலூர்க்காரரை ஏன் கூடுதலாகப் பிடிக்கிறது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வகை

பெரிய ஒப்பந்தங்களில் கோடிக்கணக்கில் கைமாறும் ஊழல் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. நான் இங்கே பேசுவது கவுண்ட்டரிலும் சோதனைச் சாவடியிலும் நடக்கும் சின்னத் தொகைகளைப் பற்றி. இதை அன்றாட லஞ்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இதற்குள் இரண்டு வகை உண்டு. தகுதியில்லாத ஒன்றைப் பெறுவதற்குக் கொடுப்பது முதல் வகை. வண்டி ஓட்டத் தெரியாதவர் லைசென்ஸ் வாங்குவதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரியைச் சாவடி தாண்ட விடுவதும் இதில் சேரும். கொடுப்பவரும் வாங்குபவரும் கூட்டாளிகள், நட்டம் ஊருக்கு. இரண்டாம் வகை, சட்டப்படி நமக்குச் சேர வேண்டியதைப் பெறுவதற்கே கொடுப்பது. வாரிசுச் சான்றிதழ், முறையாக வரி கட்டிய சரக்கு, எல்லாத் தாள்களும் சரியாக இருக்கும் விசா நீட்டிப்பு ஆகியவை இப்படி. இங்கே கொடுப்பவர் கூட்டாளி இல்லை. அவருடைய பொருளையே பிடித்து வைத்துக்கொண்டு அவரிடமே விலை பேசுகிறார்கள்.

பொருளாதார அறிஞர் கௌசிக் பாசு இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, 2011இல், இந்த இரண்டாம் வகையைத் ‘தொல்லை லஞ்சம்’ என்று பொருள்படும் பெயரால் தனியாகப் பிரித்துக் காட்டினார். இதில் கொடுப்பவரைத் தண்டிக்காமல் வாங்குபவரை மட்டும் தண்டித்தால், கொடுத்தவர் பயமில்லாமல் புகார் செய்ய வருவார் என்பது அவருடைய யோசனை. நாடு முழுக்க விவாதம் எழுந்தது. நம் சட்டம் கடைசியில் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழ்கிறவர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தத் தொல்லை லஞ்சத்தில்தான்.

டீ, காப்பி, சிகரெட்

லஞ்சத்தை எந்த ஊரிலும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. சுவாஹிலி மொழி பேசும் நாடுகளில் ‘சாய்’ என்பார்கள், டீ என்று பொருள். ‘கிட்டு கிடோகோ’ என்றும் சொல்வார்கள், ‘சின்னதாக ஏதாவது’ என்று அர்த்தம். மலேசியாவில் ‘டூயிட் கோப்பி’, காப்பிக் காசு. இந்தோனேசியாவில் ‘உவாங் ரோக்கோ’, சிகரெட் காசு. மெக்சிகோவில் ‘மொர்தீதா’, அதாவது கடி. நம் ஊரில் டீச் செலவு, கவனிப்பு, மாமூல். இந்த மாமூல் அரபியிலிருந்து வந்த சொல். ‘வழக்கமானது’ என்பதே அதன் பொருள். ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மூன்று மொழியிலும் லஞ்சத்துக்கு ஏறத்தாழ ஒரே சொல்தான். கவுண்ட்டருக்கு முன்னால் அந்தச் சொல் மூன்றிலும் காணாமல் போய்விடும்.

பெயர் மென்மையாக இருப்பதால் புதிதாகப் போனவர் அதை அந்த நாட்டு வழக்கம் என்று நம்பிவிடுகிறார். முன்பே போய்ச் சேர்ந்த நம் ஆட்களும் “இங்கே எல்லாம் இப்படித்தான், இது அவர்கள் பழக்கம்” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பேச்சை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். எங்கள் கடைக்கு எதிரே தெருவோரத்தில் சோறும் பீன்ஸும் விற்ற ஒரு பெண்மணி இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் காவலாளி ஒருவர் வந்து அவருடைய பாத்திரங்களைக் காலால் தள்ளிப் பார்ப்பார். அவர் இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, கசங்கிய ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார். காவலாளி போன பிறகு தன் மொழியில் அவர் சொன்னதை ஒரு நாள் எங்கள் கடைப் பையன் எனக்குப் பெயர்த்துச் சொன்னான்: “என் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு போகிறான்.” வழக்கத்தை யாரும் இப்படிச் சபிப்பதில்லை. அந்த நாட்டு ஏழைகளும் நம்மைப் போலவே இதைக் கொடுக்கிறார்கள், நம்மைப் போலவே வெறுக்கிறார்கள்.

சாவடியில் ஒரு காலை

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். கடை வண்டியைச் சீருடைக்காரர் ஒருவர் நிறுத்தினார். என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை, இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடியே வண்டியைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார். தீயணைப்பு உருளையை எடுக்கச் சொல்லி, அதில் ஒட்டியிருந்த தேதியைப் படித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் லைசென்ஸ் அவர் விரலிடுக்கிலேயே இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, 10 மணிக்குள் நான் வங்கியில் இருக்க வேண்டும். அவர் மணியைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் கவனித்தார். “சாய்” என்றார்.

அன்று கொடுத்தேன். மறுபடி நிறுத்தியபோதும் கொடுத்தேன். மூன்றாம் முறைக்கு முன்னால், அந்த ஊரில் 30 ஆண்டுகள் இருந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர் எனக்கு இரண்டு சொற்களைக் கற்றுக் கொடுத்தார்: ‘நாவோம்பா ரிசிட்டி.’ தயவுசெய்து ரசீது கொடுங்கள் என்று அர்த்தம். சண்டை போடாதே, சட்டம் பேசாதே, குரலை உயர்த்தாதே, சிரித்த முகமாகச் சொல், சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடு என்றார். அவர் முக்கியமாகச் சொன்னது அந்தக் கடைசி வேலையைத்தான். இன்ஜினை நிறுத்திவிட்டால் உனக்கு அவசரம் இல்லை என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். மூன்றாம் முறை அப்படியே செய்தேன். 20 நிமிடம் நிற்க வைத்தார்கள். பிறகு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

உண்மையான அபராதத்துக்கு ரசீது உண்டு. ரசீது கிடைக்காத பணம் எந்தப் பெயரில் வந்தாலும் லஞ்சம்தான். இந்த ஒரு சோதனை எந்த நாட்டிலும் செல்லும்.

ஒரு எச்சரிக்கையும் இதனோடு சேர வேண்டும். இரவு நேரம், ஆள் நடமாட்டமில்லாத சாலை, எதிரே துப்பாக்கி என்றால் ரசீது கேட்கும் இடம் அதுவல்ல. கொடுத்துவிட்டு உயிரோடு வீட்டுக்கு வாருங்கள். அன்றே தேதி, நேரம், இடம், தொகையை எழுதி வைத்து, முதலாளிக்கோ நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள்.

வேகப்பணம்

இனி இந்தக் கட்டுரையின் நடுவான கருத்து. 1962இல் மத்திய அரசு ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம். 1964இல் வந்த அதன் அறிக்கை ‘வேகப்பணம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பழக்கத்தைக் குறிப்பிட்டது. லைசென்ஸ், பெர்மிட் போன்ற வேலைகளில் பணம் கொடுப்பவர் சட்டவிரோதமாக எதையும் கேட்பதில்லை, கோப்பு சீக்கிரம் நகர்ந்தால் போதும் என்றே கொடுக்கிறார் என்று அது சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: பணம் வரும்வரை எதையும் செய்யாமல் இருப்பதே ஊழியர்களில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் குழுவின் பரிந்துரையால்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964இல் உருவானது.

அதே காலத்தில் வேறு சில அறிஞர்கள், லஞ்சம் துருப்பிடித்த சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதுபோல, அது இல்லாவிட்டால் ஒன்றும் நகராது என்று வாதிட்டார்கள். இன்றும் பலர் மனதில் இருப்பது இந்த வாதம்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேசையில் 40 மனுக்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 10 மனுக்களை முடிக்கலாம். நான்கு நாளில் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். இப்போது 10 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்து முதல் நாளே வாங்கிப் போகிறார்கள். மற்ற 30 பேர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்த மாதம் 20 பேர் கொடுக்கிறார்கள். அதற்கடுத்த மாதம் 40 பேரும் கொடுக்கிறார்கள். 20,000 ரூபாய் கைமாறிவிட்டது. கடைசி மனு எப்போது முடிகிறது? அதே நான்காம் நாள்.

கணக்கு இங்கே முடியவில்லை. தாமதம் இருந்தால்தான் பணம் வரும் என்று மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து அவர் நாளொன்றுக்கு 10 மனுக்களை முடிப்பாரா, 8 மனுக்களை முடிப்பாரா? 1974இல் நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் மிர்தால், சந்தானம் குழுவின் அறிக்கையை வைத்துக்கொண்டு எழுப்பிய கேள்வி இதுதான். லஞ்சம் தாமதத்தைக் குறைக்காது, தாமதத்தைத் தயாரிக்கும் என்றார் அவர்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாம்பழக் கூழில் தெரிந்துகொண்டேன். எங்கள் முதலாளி கிருஷ்ணகிரியிலிருந்து கூழ் இறக்குமதி செய்வார், 3.1 கிலோ டின்கள், அட்டைப்பெட்டிக்கு ஆறு, கண்டெய்னர் நிறைய. துறைமுகத்தில் சில நாட்கள் இலவசமாக நிற்கலாம். அதற்குப் பிறகு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். முதல் கண்டெய்னரின் கோப்பு ஒரு குமாஸ்தாவின் மேசையில் தங்கிவிட்டது. கணினி வேலை செய்யவில்லை என்றார். பெரியவர் ஊரில் இல்லை என்றார். ஆறாம் நாள் கொடுத்தோம். ஏழாம் நாள் சரக்கு வந்தது. அந்தத் தொகையை ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் என் கையாலேயே எழுதினேன். இரண்டாவது கண்டெய்னர் வந்தபோது ஆறாம் நாள்வரை கோப்பை யாரும் தொடவே இல்லை. மூன்றாவது கண்டெய்னருக்குத் தொகை இரட்டிப்பானது. முதல் முறை தாமதம் தற்செயலாகவே இருந்திருக்கலாம். நாங்கள் கொடுத்த பணம் அதைத் தொழிலாக்கிவிட்டது.

நான்காவது கண்டெய்னருக்கு முதலாளி வேறு முடிவு எடுத்தார். கப்பல் கரை சேரும் முன்பே எல்லாத் தாள்களையும் தாக்கல் செய்யச் சொன்னார். எது எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்று நகலில் கையெழுத்து வாங்கச் சொன்னார். “இரண்டு கண்டெய்னருக்குத் தாமத வாடகையை நட்டம் என்று இப்போதே எழுதி வைத்துவிடு” என்றும் சொன்னார். நான்காவது 13 நாள் நின்றது. ஐந்தாவது 9 நாள். ஆறாவது இலவச நாட்களுக்குள்ளேயே வெளியே வந்துவிட்டது. காத்திருக்கத் துணிந்துவிட்ட ஆளிடம் விற்பதற்கு அந்த மேசையில் எதுவும் இல்லை.

அயலூர்க்காரருக்கு மட்டும் ஏன்?

ராபர்ட் கிளிட்கார்ட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஊழலுக்கு ஒரு சூத்திரம் தந்தார்: ஏகபோகமும் தன்விருப்ப அதிகாரமும் கூடி, பதில் சொல்லும் பொறுப்பு குறையும் இடத்தில் ஊழல் வளரும். ஒரு வேலையை ஒரே ஒருவர்தான் செய்ய முடியும். செய்வதும் செய்யாததும் அவர் விருப்பம். ஏன் என்று கேட்க ஆளில்லை. மூன்றும் சேர்ந்தால் போதும்.

வெளிநாட்டில் வாழ்கிறவரிடம் இந்தச் சூத்திரம் கூடுதலாக வேலை செய்யும். எது விதி, எது கட்டணம் என்று அவருக்குத் தெரியாது. மொழியும் தெரியாது, தாளில் இருப்பதைப் படிக்கவே இன்னொருவர் வேண்டும். விசா என்ற கயிறு கழுத்தில் இருக்கிறது. புகார் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார். ஊர்க்காரருக்காவது ஒரு மாமன் மச்சான், ஒரு வார்டு உறுப்பினர் என்று போய்ச் சொல்ல ஆள் உண்டு. அயலூர்க்காரருக்கு யார் இருக்கிறார்கள்? (அரபு நாடுகளில் இந்த ஆள்பலத்துக்கு ‘வாஸ்தா’ என்று பெயர். அதில் பணம் கைமாறாது, தெரிந்தவர் சொல் கைமாறும். ஆனால் தெரிந்தவர் இல்லாதவருக்கு அதுவும் மூடிய கதவுதான்.) எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடம் நேரம் இல்லை.

நான் பெரிதும் வேதனைப்பட்டது எங்கே என்றால், ஊருக்குத் திரும்பி வந்தபோதுதான். அங்கே நான் இந்தியன் என்பதால் பணக்காரன். இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பதால் பணக்காரன். பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், மாந்தோப்புக்கு நடுவே, தாய்மொழியில் பேசிக்கொண்டே நான் அயலூர்க்காரனாகிவிட்டேன். லீவு முடியும் தேதி அச்சிட்ட விமான டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தவருக்கு அந்தத் தேதிதான் தேவைப்பட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது

இதைச் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் லஞ்ச ஒழிப்புப் புலனாய்வுப் பிரிவு 1952இலிருந்து இருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, கொடுக்க முன்வருவதே குற்றம். 1,00,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசு ஊழியர் என்று இல்லை, தனியார் நிறுவன ஊழியருக்குக் கொடுத்தாலும் இதே சட்டம்தான். 2018இல் அங்கே கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிய இரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். சரக்கைத் தாமதிக்காமல் ஏற்றி இறக்க லாரி ஓட்டுநர்களிடம் 1 வெள்ளி அளவுக்குக்கூட வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரே ஒரு வெள்ளி. போலீஸ்காரரிடம் நோட்டை நீட்டினால் விட்டுவிடுவார் என்ற ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கிறது. அதில், வழக்கமான அலுவலக வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் தொகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் கணக்கில் உள்ளபடி எழுத வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வேகப்பணத்துக்கு விலக்கே கிடையாது. கனடாவும் 2017இல் தன் விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே ஓசூரிலிருந்து ஒருவர் பிரிட்டிஷ் நிறுவனத்துக்காக ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் வேலை செய்து, ‘இதர செலவுகள்’ என்று எழுதினால், அந்த வரி லண்டன்வரை போகக்கூடும். கணக்கர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாடு. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. வாங்கும் அரசு ஊழியருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கௌசிக் பாசு சொன்ன வழியில் சட்டம் போகவில்லை. கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ புலனாய்வு அமைப்புக்கோ தெரிவித்துவிட்டால் அது குற்றமாகாது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பொறி வைப்பதற்காகக் கொடுத்தாலும் குற்றமில்லை.

அந்தப் பொறியைத்தான் செய்தித்தாளில் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ என்று படிக்கிறோம். தமிழ்நாட்டில் 1964இலிருந்து இயங்கும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்று அழைப்பது, தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பிரிவுகள் வைத்திருக்கிறது. நோட்டில் பினாப்தலின் என்ற பொடியைத் தடவுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், நிறமற்ற தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். புகார் கொடுத்தவர் பின்னர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். 12 நாளில் விமானம் ஏற வேண்டியவர் அங்கேதான் தயங்குகிறார். நானும் தயங்கினேன்.

நான் என்ன செய்தேன்

லஞ்சத்தால் நொந்துபோன வெளிநாட்டு இந்தியர் ஒருவரிடமிருந்தே ஒரு நல்ல யோசனை பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், இந்தியாவுக்கு வரும்போதெல்லாம் லஞ்சம் கேட்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் பூஜ்ய ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டலாம் என்று நினைத்தார். சென்னையைச் சேர்ந்த ‘ஐந்தாவது தூண்’ அமைப்பு 2007 முதல் அதை அச்சிட்டு மக்களிடம் கொடுத்தது. லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழி அதில் அச்சாகியிருக்கும். நோட்டை நீட்டுகிறவர் தனியாள் இல்லை என்று அது மேசைக்குச் சொல்லிவிடும்.

என்னிடம் அந்த நோட்டு இல்லை. ஆனால் துறைமுகத்தில் படித்த பாடம் இருந்தது. என் லீவுக்குள் இந்த வேலை முடியாது, முடியவும் வேண்டாம் என்று அன்றிரவு முடிவு செய்தேன். தம்பியோடு இ-சேவை மையத்துக்குப் போய், 60 ரூபாய் கட்டி மனு செய்து, மனு எண் அச்சிட்ட ரசீதை வாங்கினேன். மீதி நாட்களை அக்காவின் பிள்ளைகளோடு கழித்தேன். கிளம்பும் முன், என் சார்பில் தம்பி கையெழுத்திடுவதற்காக அவனுக்குப் பொது அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) எழுதிப் பதிவு செய்து கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்தே இதைச் செய்ய வேண்டியவர்கள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் தரகர் கையில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்றரை மாதம் ஆகியும் மனு அசையவில்லை. தம்பி இரண்டு வேலை செய்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, அதற்கும் எண் வாங்கினான். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கடிதம் அனுப்பினான். யார் மீதும் குற்றம் சொல்லாத கடிதம் அது. இன்ன எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எத்தனை நாள் அவரிடம் இருந்தது, காரணம் என்ன என்று மட்டும் கேட்டிருந்தான். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். 26ஆம் நாள் வீட்டுக்கு வந்தது பதில் இல்லை. சான்றிதழ் தயார் என்ற செய்தி. மேசைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அந்த 10 ரூபாய் மேசைக்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டது. பட்டா மாற்றத்துக்கும் இதே வழியில்தான் போனோம். கிராம நிலக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி அடுத்து வருவதற்குள் அதுவும் முடிந்தது.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. கருணை வேலைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு நிற்கும் விதவைக்கு நான்கு மாதம் காத்திருக்கும் வசதி ஏது? ஆனால் காத்திருக்க முடிந்தவர் காத்திருந்தால், அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்கும் தொகை ஏறாது. மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் லீவு அவசரத்தில் கொடுக்கும் 15,000 ரூபாய்தான், அந்த விதவையிடம் கேட்கப்படும் 5,000 ரூபாயாக மாறுகிறது.

போன வாரம் பர்கூரிலிருந்து ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். நான் இருந்த அதே கடற்கரை நாட்டுக்கு அடுத்த மாதம் வேலைக்குப் போகிறான். பாஸ்போர்ட் விசாரணைக்காக யாரோ பணம் கேட்டதாகச் சொன்னான். அரசுக் கட்டணம் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், காவல் துறைத் தடையின்மைச் சான்றுக்கு 500 ரூபாய். விசாரணைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது என்று அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழே இரண்டு சுவாஹிலிச் சொற்களையும் எழுதினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் அதை உரக்கச் சொல்லிப் பார்த்தான். “நாவோம்பா ரிசிட்டி. சரியா அண்ணா?”

‘ட்டி’யை இவ்வளவு அழுத்தாதே, மெதுவாகச் சொல் என்றேன். இன்னொரு முறை சொன்னான்.